நாலாம் நம்பரின் போல்ட்

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி அன்றைக்கு உட்கார்ந்து துப்பாக்கிகளில் இருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பொம்பளை தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நேற்று ஆயுத பூஜை. ஆயுத அறையில் ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வைக்கும்போது எல்லாருக்கும் பக்தி பொத்துக்கொண்டு வருகிறது, துடைக்கும்போது ஒரு ஆளைக் காணோம். சந்தனம் காய்ந்து இரும்பில் பிடித்தால் அடியில் துரு ஏறும். பெருமாள் சாரும் நானும்தான் துடைத்தோம்.

என் மகள் மகி நர்சிங் படிக்க மதுரைக்குப் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. டிவியோடு எவ்வளவு நேரம் பேசுவது? நகைக்கடையில் கொடுத்த டைரி ஒன்று அரிசிப் பானைக்குப் பின்னால் சும்மா கிடந்தது. ஒன்பது மாதம் வீணாகிவிட்டது, மிச்சத்தையாவது எழுதலாம் என்று எடுத்தேன். எழுதுவது உலகம்மாள், தலைமைக் காவலர், மாவட்ட ஆயுதப்படை. துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போடுவதும் பழுது பார்ப்பதும் வேலை.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்க வேண்டும். இருபத்தொன்பதாம் தேதி லாரி வரும், உருக்கப் போகிறார்கள். இத்தனை துப்பாக்கி என்று மொத்தமாகக் கணக்குக் காட்டினால் போதாதாம். எது எந்த ரகம், எந்த வருடம், அதன் நம்பர் என்ன, அதே நம்பர் போட்ட போல்ட், அதாவது தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு, கூடவே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும்.

முப்பத்தொன்றாம் தேதி பெருமாள் சார் ரிட்டயர் ஆகிறார். இதுவும் உத்தரவில் இருந்ததுதான், வேறு தாளில்.

அக்டோபர் 4, சனி

இன்று முழுக்க ரகம் பிரித்தோம். தெரியாதவர்களுக்கு எல்லாம் ஒரே துப்பாக்கிதான். கொஞ்சம் பழகினால் நம் தெருக்காரர்கள் மாதிரி தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஒண்ணாம் நம்பர் என்கிற ரகத்துக்கு முனையில் சப்பை மூக்கு, பேரல் குழாய் வெளியே தெரியாது. நாலாம் நம்பருக்குப் பேரல் நாக்கை நீட்டியது போலக் கொஞ்சம் வெளியே வந்து நிற்கும். குறிபார்க்கும் தகடு ஒண்ணாம் நம்பருக்குப் பேரல் நடுவில், நாலாம் நம்பருக்குக் கண்ணுக்குப் பக்கத்தில். மஸ்கட் என்று ஒரு பாவப்பட்ட ஜாதி உண்டு. கலவரக் கூட்டத்துக்குக் கொண்டுபோவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் மாற்றியது, தோட்டா நிரப்பும் மேகசினுக்குள் மரக்கட்டையை அடைத்துவிட்டான். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான்.

எங்களிடம் இருப்பதில் முக்கால்வாசி ஒண்ணாம் நம்பர். கொஞ்சம் மஸ்கட். நாலாம் நம்பர் ஒரு வரிசைதான்.

மத்தியானம் பெருமாள் சார் டீ வாங்கிவந்தார். அவருடைய முழுப்பெயர் சிவனணைந்தபெருமாள், சிறப்பு எஸ்.ஐ., ஆயுத அறைப் பொறுப்பு. சாவி அவரிடம். மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்து நிமிர்ந்து பார்த்தபோது தனக்கு வயது தாண்டிவிட்டது என்று ஒற்றை ஆளாகக் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். படையில் எல்லாரையும் வா, போ என்பவர் என்னை மட்டும் நீங்க என்பார். தலைமைக் காவலர் என்கிற மரியாதையாக இருக்கும்.

அவர் சட்டையில் இரண்டாவது பட்டனுக்கு வேறு நிற நூல் போட்டிருக்கிறார். நானாகக் கவனிக்கவில்லை, கண்ணில் பட்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

போல்ட் பெட்டியைத் திறந்தோம். எங்கள் வழக்கப்படி துப்பாக்கி சங்கிலியில் கோத்து ஒரு பக்கம் நிற்கும், போல்டுகள் தனிப்பெட்டியில் தனிப்பூட்டில் கிடக்கும். எவனாவது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் போல்ட் இல்லாமல் அது விறகுக்கட்டைதான். வருடா வருடம் ஆய்வுக்கு வரும் அதிகாரி துப்பாக்கியை எண்ணுவார், போல்டை எண்ணுவார், இரண்டும் ஒன்றாக இருந்தால் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டுப் போவார். எந்தப் போல்ட் எந்தத் துப்பாக்கிக்கு என்று ஒருவரும் போட்டுப் பார்த்தது கிடையாது. இந்த முறை போட்டுப் பார்க்கிறோம்.

போல்ட் கைப்பிடியின் அடியில் நம்பர் அடித்திருக்கும். அதைப் படித்து, துப்பாக்கியைத் தேடி, உள்ளே தள்ளி மூடினால் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். எத்தனை வருடம் பிரிந்து கிடந்தாலும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

மகி போன் செய்தாள். ஹாஸ்டலில் சாம்பார் தண்ணீராம். முறுக்கு கேட்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

நாலாம் நம்பர் வரிசை முடிந்தது. கடைசியாக ஒன்றே ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பெட்டியிலும் ஒரு போல்ட் மிச்சம். அப்பாடா என்று எடுத்துப் போட்டேன், போகவில்லை. வெளிச்சத்தில் பார்த்தால் அது ஒண்ணாம் நம்பருடையது. அதன் தலையில் கொக்கி போல ஒரு துருத்தல் இருக்கும், நாலாம் நம்பருக்குள் நுழையவே நுழையாது. நம்பரும் இங்கே இருக்கிற எந்தத் துப்பாக்கியுடையதும் இல்லை. எப்போதோ கழித்துக்கட்டிய துப்பாக்கியின் அனாதைப் போல்ட்.

அதாவது எண்ணிக்கை சரி. ஆனால் ஒரு நாலாம் நம்பர் போல்ட் இல்லை. அது இல்லாதது தெரியக்கூடாது என்று யாரோ இந்த அனாதையைப் பெட்டியில் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருக்கிறார்கள்.

பெட்டிச் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது. அதை இங்கே எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

சாரிடம் சொன்னேன். அனாதைப் போல்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னொரு தடவ பாத்துருங்க உலகம்மா.”

“மூணு தடவ பாத்துட்டேன் சார்.”

“அப்பம் நாலாவது தடவ பாருங்க.”

அதற்குள் ஆர்.ஐ. வந்துவிட்டார். ஃபெலிக்ஸ் என்று பெயர், எங்கள் படைக்கு ஆய்வாளர். சின்ன வயது, சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற ரகம். கெட்டவர் இல்லை, பயந்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் வியர்த்தது.

“பெருமாள் சார், போல்ட் காணோம்னா துப்பாக்கி காணோம்னுதான் அர்த்தம். லாரி வரதுக்கு முன்னாடி கெடைக்கலைனா நான் மேல எழுதியாகணும். எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.”

சொல்ல வேண்டாம்தான். ரிட்டயர் ஆகிற அன்றைக்குக் காலையில் ஒரு தாள் வரும். ஓய்வுபெற அனுமதி இல்லை, தற்காலிகப் பணிநீக்கம். இந்த ஜில்லாவில் எத்தனை பேருக்கு அப்படி வந்து பார்த்திருக்கிறேன். மாலை வாங்கி வைத்துவிட்டு வாசலில் சொந்தக்காரர்கள் நிற்பார்கள், மனிதர் பின்வழியாகப் போவார். அப்புறம் விசாரணை அது இது என்று சாகிறவரை இழுக்கும். முப்பத்தேழு வருடம் ஒரு மெமோ வாங்காத மனிதர் இவர்.

அக்டோபர் 11, சனி

தேடினோம். இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

அலமாரிக்குப் பின்னால், எண்ணெய் டின்னுக்குள், சாக்குக்கு அடியில் எல்லாம் பார்த்தாயிற்று. நான் மண்டியிட்டுத் தேடுகிறேன், சார் நின்று பார்க்கிறார். தேடாத ஆளைப் பார்த்தாலே தெரியாதா? அவருக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்று இந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும்.

“சார், என்ட்ட சொல்லுங்க. வித்துட்டியளா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் சிரித்தார். “வித்தா அஞ்சு ரூவா தருவானா அதுக்கு?”

“பெறவு எங்க?”

“இருக்க எடத்துல இருக்கும். நீங்க போட்டுக் கொழப்பிக்கிடாதீங்க. என் தலைல என்ன எழுதிருக்கோ அது நடக்கட்டும்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் எண்ணெய்த் துணியைத் தரையில் அடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் தலையெழுத்தாம். ஆளும் அவர் தலையெழுத்தும்! ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மேலதிகாரியின் பென்ஷனுக்காக நான் ஏன் பட்டினி கிடக்கிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 15, புதன்

இருபத்தொன்று வருகிறது, காவலர் வீரவணக்க நாள். மைதானத்து மூலையில் இருக்கும் நினைவுச் சின்னத்துக்கு வருடா வருடம் அலுமினியப் பெயிண்ட் அடிப்பார்கள். சிமெண்டு மேடையில் ஒரு துப்பாக்கி தலைகீழாகக் குத்தி நிற்கும். அதன் கட்டை மேல் ஒரு தொப்பி. கீழே கல்லில் மூன்று பெயர்கள். மூன்றாவது பெயர் முத்துமாலை, என் வீட்டுக்காரர். வெள்ளத்தில் கண்மாய் உடைந்த அன்று எல்லாரையும் பள்ளிக்கூடத்து மாடியில் ஏற்றிவிட்டு, மாட்டை அவிழ்க்கப் போன ஒரு கிழவரைக் கூட்டிவரப் போனார். கிழவர் வந்துவிட்டார்.

நானும் அப்போது போலீஸ்தான், மகளிர் ஸ்டேஷனில். அதற்குப் பிறகு ஸ்டேஷனில் வருகிற முகங்களைப் பார்க்க முடியவில்லை. துப்பாக்கிகளோடு இருந்துவிடலாம் என்று கேட்டு வாங்கி இங்கே வந்தேன்.

இன்று ஆர்.ஐ. கூப்பிட்டு, “பெயிண்ட் வேலைய நீங்க ஒரு பார்வை பாத்துக்கங்கம்மா, குடும்பத்துக்காரங்க நீங்க” என்றார். வருடா வருடம் யாராவது இதைச் சொல்வார்கள். முதல் வருடம் மட்டும்தான் பக்கத்தில் போனேன், அதற்குப் பிறகு தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

கோபத்தில் இரண்டு நாளாக சாருக்கு டீ வாங்கிக்கொடுக்கவில்லை. அவரே வாங்கி என் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். சர்க்கரை கம்மியாக.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளிக் கடைவீதி பந்தோபஸ்துக்கு ஆள் பற்றவில்லை என்று சாரையும் அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமைதான் வருவார்.

தனியாக உட்கார்ந்து யோசித்தேன். ஒண்ணாம் நம்பருக்குள் காணாமல் போன அந்தப் போல்ட் போகாது. மஸ்கட்டுக்குள்ளும் போகாது, அதுவும் ஒண்ணாம் நம்பர் வம்சம்தான். ஸ்டேஷன்களில் இருந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. நாலாம் நம்பர் போல்ட் போக வேண்டுமானால் இன்னொரு நாலாம் நம்பர் துப்பாக்கி வேண்டும். இந்த வளாகத்தில் எங்கள் வரிசையைத் தவிர வேறு ஏது?

கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஒன்பது வருடமாக அந்தச் சின்னத்தைப் பார்க்கிறேன். அதைத் துப்பாக்கியாக ஒருநாளும் பார்த்ததில்லை. இன்று பக்கத்தில் போய், மேடையில் ஏறி, துப்பாக்கி பழுது பார்க்கிற ஆர்மரராகப் பார்த்தேன். மூக்கு சிமெண்டுக்குள் புதைந்திருக்கிறது, அதை வைத்துச் சொல்ல முடியாது. பேரல் நடுவில் தகடு இல்லை. பின்னால், கண்ணுக்குப் பக்கத்தில், மடங்கி ஒட்டிக் கிடந்தது தகடு. நாலாம் நம்பர். பெயிண்ட் மேல் பெயிண்டாக எத்தனையோ பூச்சு. அதற்கு அடியில் உருண்டையாக ஒரு போல்ட் கைப்பிடி.

கல்லில் பெயரைப் படிக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையிலேயே மண்ணெண்ணெய், பெயிண்ட் ரிமூவர், பழைய பிளேடு, துணி எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். ஒளித்து மறைத்துச் செய்ய அது என் வீட்டு அடுப்பங்கரை இல்லை. எதிரிலேயே பாராக்காரர் துப்பாக்கியோடு நிற்கிறார். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் சுரண்டுகிறேன் என்று நினைத்திருப்பார், வணக்கம் வைத்தார்.

சுரண்டச் சுரண்ட செதில் செதிலாக வந்தது. தகட்டை நிமிர்த்திவிட்டு, கைப்பிடியை மேலே தூக்கினேன். அசையவில்லை. மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துச் சுற்றிவிட்டுக் காத்திருந்தேன். வெயில் ஏறியது. மறுபடி தூக்கினேன், சிணுங்கிக்கொண்டு திறந்தது. பின்னால் இழுத்தால் முழுதாக வெளியே வரவில்லை. நாலாம் நம்பரில் போல்டை விடுவிக்கப் பக்கவாட்டில் ஒரு தாழ் இருக்கும், அதை அமுக்க வேண்டும். அந்த இடத்தைச் சுரண்டிச் சுரண்டி என் நகம் பிய்ந்தது. தாழையே காணோம்.

“என்னம்மா செய்யுதீங்க?”

ஆர்.ஐ. பின்னால் நின்றார். கையில் பிளேடு, முகமெல்லாம் வெள்ளிப் பெயிண்ட், இதில் என்ன பொய் சொல்ல? எல்லாவற்றையும் சொன்னேன். யார் வைத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு அந்தத் துப்பாக்கியையே பார்த்தார். எழுதி அனுப்பத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

பிறகு திரும்பிப் பாராக்காரரைக் கூப்பிட்டார்.

“இங்க பாரா எத்தன மணி நேரம் நிக்கி?”

“இருபத்தி நாலு மணி நேரமும் அய்யா.”

“ஒருநாள் கூட ஆள் இல்லாம இருந்திருக்கா?”

“இல்லய்யா. மழைல கூட நிப்போம்.”

ஆர்.ஐ. என்னிடம் மெதுவாகச் சொன்னார். “அப்போ இந்தப் போல்ட் நம்ம பாதுகாப்ப விட்டு வெளிய போகவே இல்ல. இருந்த எடந்தான் மாறியிருக்கு. ஆனா நம்பர் பொருந்தணும்மா. அது வேற போல்டா இருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

அப்படியே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்தச் சட்டப் புத்தகம் இப்படியும் உதவும் என்று நான் நினைக்கவே இல்லை.

தாழ் எங்கே என்று திரும்பவும் குனிந்தபோதுதான் புத்தியில் பட்டது. இது நாலாம் நம்பரிலேயே சாதா ரகம் இல்லை, ஸ்டார் குறி போட்ட ரகம். யுத்த காலத்தில் வேலையைக் குறைக்க அந்தத் தாழையே எடுத்துவிட்டு, போல்ட் ஓடுகிற தண்டவாளத்தில் முன்னால் ஒரு சின்ன வெட்டு மட்டும் விட்டார்கள். போல்டைக் கொஞ்சம் மட்டும் இழுத்து, அந்த வெட்டுக்கு நேராக வந்ததும் அதன் தலையைத் திருப்ப வேண்டும். பெயிண்டுக்கு அடியில் பிளேடு நுனியால் துழாவினேன். வெட்டு இருந்தது. தலையைத் திருப்பி இழுத்தேன். கைக்குள் வந்துவிட்டது.

ஆயுத அறைக்கு ஓடினேன், இந்த உடம்பை வைத்துக்கொண்டு. கைப்பிடியைக் கழுவித் துடைத்தேன். ஆர்.ஐ. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்பரைப் படித்தார், நான் துப்பாக்கியின் நம்பரைப் படித்தேன். ஒன்றேதான். உள்ளே தள்ளி மூடினேன்.

க்ளக்.

“டீ சொல்லுங்கம்மா” என்றார் ஆர்.ஐ. அவர் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அக்டோபர் 18, சனி

சார் வந்தார். வந்ததும் மேஜையில் இருந்த நாலாம் நம்பரைப் பார்த்தார், போல்டைப் பார்த்தார், என் நகத்தைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏன் சார் சொல்லலை?”

“சொன்னா எடுத்துருவாங்கல்லா.”

“எடுத்தா என்ன?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மொத வருசம் நீங்க மகி கையப் பிடிச்சுக்கிட்டு வந்தீய. அந்தத் துப்பாக்கில போல்ட் கிடையாது. அது இருக்க வேண்டிய எடத்துல வெறும் பொந்து, குளவி கூடு கட்டிருந்துச்சு. பிள்ளை கேட்டா, அப்பா துப்பாக்கி ஒடைஞ்சு போச்சாம்மான்னு. அதுக்குப் பெறவு நீங்க அழுதீய பாருங்க. அப்படி ஒரு அழுகைய நான் பாத்ததே இல்ல. அடுத்த வருசம் நீங்க வரதுக்குள்ள அந்தப் பொந்த அடைச்சிரணும்னு நெனச்சேன். ஒரு மரக்கட்டைய வச்சிருக்கலாம். அன்னைக்குப் புத்தி போகல. முழுசா இருக்கணும்னு தோணிட்டு.”

“உங்க பென்ஷனே போயிருக்குமே சார்.”

“இருபத்தொண்ணு மட்டும் முடியட்டும், பெறவு நானே போயி சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். கடைசி வருசம் ஒண்ணு. நீங்க மறுபடி அந்தப் பொந்தப் பாக்க வேண்டாமேன்னு.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “எம் புருசன் செத்தது எனக்குத் தெரியாதா சார்? பொந்த அடைச்சா மறந்துருவனா? நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று கத்திவிட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார். நகத்துக்கு.

வீட்டுக்கு வந்து அழுதேன். முத்துமாலைக்காக நிறைய அழுதிருக்கிறேன், இது அது இல்லை. இத்தனை வருடமும் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒரு மனிதர் இதை வாயைத் திறந்து சொல்லாமலே இருந்திருக்கிறாரே என்று அழுதேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மகி வந்திருக்கிறாள். முறுக்கு கொஞ்சம் கருகிவிட்டது. ஒரு டப்பா சாருக்கு எடுத்து வைத்தேன், கருகாததாகப் பார்த்து.

“எனக்குக் கருகுனது, உன் சாருக்கு நல்லதா?” என்றாள்.

“அவருக்குப் பல்லு சரியில்ல.”

“உனக்குக் கண்ணு சரியில்லம்மா” என்று சொல்லிவிட்டுப் பட்டாசு வெடிக்கப் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் நீளம்.

போல்ட் விஷயத்தை அவளிடம் முழுக்கச் சொன்னேன். குளவிக் கூடு அவளுக்கு ஞாபகம் இருக்கிறதாம். அடுத்த வருடம் துப்பாக்கி சரியாகிவிட்டதைப் பார்த்து, அப்பாதான் ராத்திரி வந்து சரிபண்ணினார் என்று நினைத்தாளாம். அதை என்னிடம் சொன்னால் அழுவேன் என்று சொல்லவில்லையாம். அவளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

புது அலுமினியப் பெயிண்டில் சின்னம் பளபளவென்று நின்றது. போல்ட் இருந்த இடத்தில் பொந்து. மரக்கட்டை வைத்து அடைக்கட்டுமா என்று ஆர்.ஐ. நேற்றே கேட்டார். இருக்கட்டும் அய்யா என்று சொல்லிவிட்டேன்.

பியூகிள் ஊதினார்கள். படையே துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பித் தலை குனிந்து நின்றது. நான் குனியவில்லை. அந்தப் பொந்தை நேராகப் பார்த்தேன். பார்க்க முடிந்தது. முத்துமாலையின் பெயரையும் படித்தேன், மனசுக்குள் அவரோடு கொஞ்சம் பேசினேன். பேசியதை இதில் எழுத மாட்டேன்.

திரும்பும்போது பார்த்தால் வரிசையில் தலை குனியாமல் நின்ற இன்னொரு ஆள் சார். அவர் சின்னத்தைப் பார்க்கவில்லை, நான் அழுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அக்டோபர் 29, புதன்

லாரி வந்தது. ரகம் ரகமாகக் கூப்பிட்டு ஏற்றினோம். ஒண்ணாம் நம்பர், மஸ்கட், கடைசியில் நாலாம் நம்பர். வந்த அதிகாரி எல்லாவற்றையும் போல்டோடு பார்த்தார், ஒரு குறையும் சொல்லவில்லை. ஆர்.ஐ. நிம்மதியில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டார்.

லாரி போன பிறகு அறை காலியாக இருந்தது. பேசினால் எதிரொலித்தது.

“இனி உங்களுக்கு வேலை கம்மி” என்றார் சார்.

“உங்களுக்கும்தான்.”

“நான் என்ன செய்யப் போறேன், தங்கச்சி வீடு ஊர்ல இருக்கு. மூத்தவ கூப்பிடுதா.”

போங்க என்று சொல்லியிருக்க வேண்டும். காலி அலமாரியைத் துடைக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

நான் பயந்த தாள் வரவில்லை. ஓய்வு உத்தரவு மட்டும் வந்தது. அதைப் படித்தபோது சாருக்குக் கண்ணாடி மங்கிவிட்டது, நான் வாங்கிப் படித்துக் காட்டினேன்.

எங்கள் படையில் ரிட்டயர் ஆகிறவரை நடக்கவிட மாட்டோம். திறந்த ஜீப்பைப் பூவால் அலங்கரித்து, அவரையும் வீட்டுக்காரியையும் ஜோடியாக உட்காரவைத்து, மாலை போட்டு, கயிறு கட்டித் தேர் மாதிரி வாசல் வரைக்கும் எல்லாருமாக இழுப்போம். யாரோ பழக்கதோஷத்தில் ஜோடி மாலை வாங்கிவந்துவிட்டார்கள். சார் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏறினார். இன்னொன்று தட்டில் கிடந்தது. அவருக்குப் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. ஆர்.ஐ. சங்கடத்தோடு, “அந்த மாலைய ஜீப் முன்னால கட்டிருங்கப்பா” என்றார்.

நான் கயிற்றைப் பிடித்து நின்றேன். முன்வரிசையில் என் இடம். திரும்பிப் பார்த்தேன். முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு அந்த மனிதர் பாதி சீட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டது போல. அப்படி உட்காருகிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கயிற்றைப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்தேன். தட்டிலிருந்த மாலையை எடுத்தேன். படிக்கட்டில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தேன். யூனிஃபாரத்தோடுதான்.

கயிறு பிடித்தவர்கள் இழுக்க மறந்து நின்றார்கள். சார் திரும்பினார். மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உலகம்மா, எல்லாரும் பாக்காவ...”

“பாக்கட்டும்” என்றேன். “கழுத்து இங்க இருக்கு. போடுதீயளா, நானே போட்டுக்கிடட்டா?”

அவர் மாலையை வாங்கிப் போட்டார். மாலை என் தொப்பியில் சிக்கி, தோள் பட்டையில் சிக்கி, ஒருவழியாக விழுந்தது. முதலில் ஆர்.ஐ. கை தட்டினார், சட்டப் புத்தகத்தில் இதற்கு விதி இல்லை என்று தெரிந்துகொண்டே. பிறகு எல்லாரும்.

ராத்திரி மகி போன் செய்தாள். படைக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் வீடியோ போட்டு அது மதுரை வரைக்கும் போய்விட்டதாம்.

“அம்மா, யாரு சொல்லி ஜீப்ல ஏறுன?”

“யாரும் சொல்லல. நானாத்தான் ஏறுனேன்.”